தலைக்குள் ஒரு ரேடியோ: ஜீன் பிண்டா பிரீஸும் பேச்சுக் கவிதையின் பெண் வரலாறும்

1

1990இல் பிரிட்டனிலிருந்து வெளியான ஒரு பெண்ணியப் பண்பாட்டு இதழில் ஜீன் பிண்டா பிரீஸ் ஒரு சிறு கட்டுரை எழுதினார். தலைப்பே ஒரு கேள்விதான்: டப் கவி பெண்ணாக இருக்க முடியுமா? ஜமைக்காவின் 'டப்' கவிதை இயக்கத்தின் முதல் பெண் குரல் என்று அதற்குள்ளாகவே அறியப்பட்டுவிட்டவர் அவர். இசைத்தட்டுகள் வந்துவிட்டன, புத்தகம் வந்துவிட்டது, லண்டன் மேடைகளில் கூட்டம் சேர்ந்துவிட்டது. அப்படியிருந்தும், இருந்துகொண்டே 'இருக்க முடியுமா' என்று கேட்கிறார். இந்தக் கேள்விக்கு 'ஏன் முடியாது, இதோ இருக்கிறாரே' என்று பதில் சொல்வது ரொம்பச் சுலபம். அந்தச் சுலபமான பதிலை மறுப்பதிலிருந்துதான் அவரை வாசிக்கத் தொடங்க முடியும் என்று நினைக்கிறேன்.

நான் அவரை முதலில் கண்ணால் படித்தேன், காதால் கேட்கவில்லை. எம்.ஏ. தமிழ் முடித்து வந்தவளுக்கு ஜமைக்கப் பேச்சு ஆங்கிலம் எழுத்துக்கூட்டிப் படிக்கவேண்டிய சமாச்சாரமாக இருந்தது. இரண்டு பக்கம் புரட்டிவிட்டு, 'இது மேடையில் எடுபடும், தாளில் நிற்காது' என்று தீர்ப்பெழுதி மூடிவைத்தேன். பல மாதம் கழித்து ஒரு தோழி ஒலிப்பதிவைக் கேட்கவைத்தாள். அதே கவிதை. இந்தமுறை என்னால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. வகுப்பில் எனக்கு வாய்மொழி இலக்கியம் என்றொரு தாள் இருந்தது. அதில் பாடியவர்களுக்குப் பெயர் இல்லை, தொகுத்தவர்களுக்குத்தான் அட்டையில் பெயர். அந்தப் படிப்பு என் காதுக்கு என்ன செய்திருந்தது என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. ஆகவே இது ஒரு கவியைப் பற்றிய அறிமுகம் என்பதோடு, தாள் / மேடை, எழுத்து / பேச்சு என்று நாம் போட்டுவைத்திருக்கும் கோடுகளை யார் போட்டார்கள் என்ற விசாரணையும்கூட.

2

மேற்கத்திய தத்துவ மரபு பேச்சை உயர்த்தி எழுத்தைக் கீழே வைத்தது என்பது தெரிதாவின் வாதம். நம் சிறுபத்திரிகைகள் இதை எத்தனையோ தடவை எழுதிவிட்டன. ஆனால் ஒரு கரும்புத் தோட்டக் காலனியில் நின்று பார்த்தால் காட்சி தலைகீழாக இருக்கிறது. 1655இல் ஸ்பெயினிடமிருந்து பிரிட்டன் பறித்துக்கொண்ட ஜமைக்காவில் எழுத்து என்றால் தோட்டக் கணக்கேடு. மாடுகளுக்குப் பக்கத்திலேயே மனிதர்களின் பெயர்களையும் விலையையும் பதிந்துவைத்த ஏடு அது. எழுத்து என்றால் சட்டம், நீதிமன்றம், விவிலியம், பின்னாளில் பள்ளிச் சான்றிதழ். பேச்சு என்பதோ, ஆப்பிரிக்காவின் பல மொழிகளிலிருந்து பிடுங்கிக் கொண்டுவரப்பட்டவர்கள் எஜமானின் ஆங்கிலத்தை எடுத்துத் தங்கள் வாய்க்கு ஏற்ப வளைத்து உருவாக்கிக்கொண்ட ஒன்று. 1834இல் அடிமைமுறை சட்டப்படி ஒழிக்கப்பட்டது. 1838இல் முழு விடுதலை வந்தது. மொழிக்கு வரவில்லை. அந்தப் பேச்சு 'உடைந்த ஆங்கிலம்' என்ற பெயரோடு வகுப்பறை வாசலுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தது.

இந்த வாசலில் முதலில் கால்வைத்தவர் ஒரு பெண்: லூயிஸ் பென்னட். கிங்ஸ்டனில் 1919இல் பிறந்தவர், தாய் ஒரு தையல்காரி. பள்ளிப் பருவத்தில் ஒருநாள் நன்றாக உடுத்திக்கொண்டு டிராம் வண்டியில் ஏறுகிறார். பின்னிருக்கைகளில் கூடையும் ஏப்ரனுமாகச் சந்தைக்காரிகள். உடுத்திய பெண் வருவதைப் பார்த்த ஒருத்தி மற்றவர்களிடம், இடம் விடாமல் பரத்தி உட்காருங்கடி என்கிற மாதிரி குரல் கொடுக்கிறாள். பெண்கள் பரத்தி உட்கார்கிறார்கள். அந்தச் சீண்டலிலிருந்துதான் தன்னுடைய முதல் பேச்சுமொழிக் கவிதை பிறந்தது என்று பென்னட் பின்னாளில் சொல்லிவந்தார். எனக்கு இந்தக் கதையில் பிடித்த விஷயம், கவிதைக்கான வரியைத் தருகிறவள் கவியை எதிர்த்து நிற்கிறவளாக இருப்பது. கவி மக்களின் குரலாக ஆகிவிடுவதற்கு முன்னால், அந்த மக்கள் அவளுக்கு உட்கார இடம் தர மறுக்கிறார்கள்.

1942இல் முதல் தொகுப்பு. 1943 முதல் 'கிளீனர்' நாளிதழில் வாரந்தோறும் கவிதை. 1945இல் லண்டன் ராயல் நாடகக் கல்லூரியில் உதவித்தொகையோடு படிப்பு. வானொலி, பாண்டோமைம் மேடை, பின்பு தொலைக்காட்சி. நாடு முழுக்க 'மிஸ் லூ' என்று கூப்பிட்டது. ஆனால் 'கவி' என்று கூப்பிட்டதா? 1962இல், ஜமைக்கா சுதந்திரமடைந்த அதே வருஷம் வெளியான இலக்கியத் தொகைநூலில் அவர் கவிதைகள் கவிதைப் பகுதியில் இல்லை, 'இதர' என்ற பகுதியில் கிடந்தன. சுதந்திர தேசத்தின் இலக்கியத்தில் அந்தத் தேசத்தின் பேச்சு 'இதர' ஆகிவிட்டது. அடுத்த ஆண்டு மெர்வின் மோரிஸ் என்ற இளம் விமர்சகர், பென்னட்டைத் தீவிரமாக வாசிக்கவேண்டும் என்று ஒரு கட்டுரையே எழுதவேண்டியிருந்தது. சிரிக்கவைக்கிற பெண்ணைத் தீவிரமாக எடுத்துக்கொள்ளுங்கள் என்று ஒரு ஆண் வந்து சிபாரிசு செய்ய வேண்டியிருந்தது என்பதையும் நாம் இதோடு சேர்த்தே வாசிக்க வேண்டும்.

பேச்சுமொழியைக் கொன்றுவிடுவேன் என்று கிளம்பியவருக்குப் பதிலாக பென்னட் எழுதிய கவிதை ஒன்றுண்டு. அதன் தருக்கம் எளிமையானது, ஆனால் ஆளை மடக்கிவிடுவது: உன் ஆங்கிலமும் ஒருகாலத்தில் வட்டாரப் பேச்சுதானே, அதைக் கொல்வதானால் சாசரையும் பர்ன்ஸையும் உன் கவிதைப் புத்தகத்திலிருந்து கிழித்துப்போட வேண்டிவருமே. இந்தச் சாசரை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அரை நூற்றாண்டு கழித்து வேறொரு ஜமைக்கப் பெண்ணின் வாயில் அவர் திரும்ப வருவார்.

3

'டப்' என்பது இசைத்தட்டின் மறுபக்கம். 1960களின் இறுதியில் ஜமைக்காவில் ரெக்கே தட்டுகளின் ஒரு பக்கத்தில் பாட்டும், மறுபக்கத்தில் பாடகரின் குரலை நீக்கிவிட்டு வெறும் தாளமும் அடியிசையும் கொண்ட வடிவமும் பதிந்தார்கள். கிங் டபி போன்ற ஒலிப்பொறியாளர்கள் அந்தத் தாளத்தை வெட்டியும் எதிரொலிக்கவிட்டும் புது வடிவமாக்கினார்கள். தெருமுனை நடனக் கூடங்களில் ஆளுயர ஒலிபெருக்கிகளை அடுக்கிவைத்து, குரல் நீக்கப்பட்ட அந்த வெற்றிடத்தில் யு-ராய் போன்ற டீஜேக்கள் மைக்கைப் பிடித்துப் பேச ஆரம்பித்தார்கள். ஒரு குரலை அழித்த இடத்தில் இன்னொரு குரல் முளைத்தது. மறுபக்கத்தின் அழகியல் என்று இதைச் சொல்லலாம்.

இந்த வெற்றிடத்துக்குள் கவிதை நுழைந்தது 1970களில். ஜமைக்காவில் பிறந்து 1963இல் லண்டன் போன லின்ட்டன் குவெஸி ஜான்சன் பிரிக்ஸ்டனின் கறுப்பு இளைஞர்களையும் போலீஸ் அடியையும் அந்தத் தாளத்தில் எழுதினார். 1977இல் சிறையிலிருந்து வெளிவந்த ஓகு ஒனுவாரா 'டப் கவிதை' என்ற பெயரைப் பரப்பினார். கிங்ஸ்டன் நாடகப் பள்ளி மாணவரான மைக்கேல் ஸ்மித் மேடையில் கத்தினால் எலும்புக்குள் கேட்கும் என்பார்கள். 1983 ஆகஸ்டில், ஓர் அரசியல் கூட்டத்தில் குறுக்குக் கேள்வி கேட்ட மறுநாள், அவர் ஸ்டோனி ஹில் பகுதியில் கல்லால் அடித்துக் கொல்லப்பட்டார். கவிதைக்காக உயிர்போகிற சூழல் அது. 1977 முதல் சர்வதேச நிதியத்தின் பிடி. 1980 தேர்தல் ஆண்டில் கட்சிச் சண்டையில் சுமார் 800 பேர் செத்தார்கள். இந்த வரலாற்றை மறந்துவிட்டு டப் கவிதையை 'நிகழ்த்துகலை' என்று மட்டும் பேசுவது அயோக்கியத்தனம்.

இதே காலத்தில் காமௌ பிராத்வெய்ட் கரீபியப் பேச்சுக்குத் 'தேசமொழி' என்று பெயரிட்டு, ஆங்கிலத்தின் ஐஞ்சீர் யாப்புக்குள் இந்தத் தீவுகளின் புயலைக் கொண்டுவர முடியாது என்று வாதாடினார். சரியான வாதம்தான். ஆனால் யாப்பை உடைத்துக்கொண்டு வெளிவந்த தேசமொழி யாருடைய வாய்க்குள் போய்ச் சேர்ந்தது? ஒலிபெருக்கிக் கூடம் ஆண்களின் இடம். ரெக்கேயோடு பின்னியிருந்த ரஸ்தஃபாரி சமயமோ பேபிலோனை, அதாவது வெள்ளை அதிகாரத்தை, முழு மூச்சாக எதிர்த்தது. பெண்ணைத் தலையை மூடிக்கொண்டு ஆணுக்குப் பின்னால் நிற்கச் சொன்னது. மாதவிலக்குக்கு அங்கும் தீட்டு உண்டு. புரட்சி மைக்கை எஜமானிடமிருந்து பிடுங்கியது. பிடுங்கிய கையில் அது அப்படியே தங்கிவிட்டது. பேச்சு என்றாலே விடுதலை, வாய்மொழி என்றாலே மக்கள் சார்பு என்ற நம்முடைய ரொமான்டிக் எண்ணத்தை முதலில் இந்த இடத்தில்தான் கழற்றிவைக்க வேண்டும்.

4

ஜீன் லம்ஸ்டன் என்ற பெயரோடு 1956 மார்ச் 11 அன்று ஹானோவர் மாவட்டத்தின் மலைக்கிராமமான பாட்டி ஹில்லில் பிறந்தார் பிரீஸ். வளர்த்தது விவசாயக் குடும்பத்துத் தாத்தாவும் பாட்டியும். 1974இல் நடந்த திருமணம் 'பிரீஸ்' என்ற பெயரைத் தந்தது. 'பிண்டா' அவர் தானே எடுத்துக்கொண்ட ஆப்பிரிக்கப் பெயர். ஆசிரியை வேலை பார்த்தார். 1978இல் கிங்ஸ்டன் நாடகப் பள்ளியில் சேர்ந்தார். மைக்கேல் ஸ்மித்தும் ஒனுவாராவும் அங்கே இருந்தார்கள். ரஸ்தஃபாரியாகிச் சில காலம் கிளாரண்டன் மலைகளில் வாழ்ந்தார். இருபதுகளிலேயே மனச்சிதைவு நோய் அவரைப் பிடித்தது, சாகும்வரை விடவில்லை. அதை அவர் மறைக்கவுமில்லை.

1980களின் தொடக்கத்தில் முடாபருகா என்ற டப் கவி அவரை ஒலிப்பதிவுக் கூடத்துக்குக் கொண்டுபோனார். 1983இல் வெளியான ரெக்கே கவிதைத் தொகுப்புத் தட்டில் பிரீஸின் குரல் ஒலிக்கிறது. வெளிநாட்டு உதவி என்ற பெயரில் வருவது வெடிகுண்டைக் கூட்டிக்கொண்டு வருகிறது என்று சொல்லும் கவிதை அது. ஏகாதிபத்தியம், கடன், நிதியம் எல்லாம் அதில் இருக்கின்றன. 'அரசியல் கவிதை' என்ற பேருக்கு ஒரு குறையும் இல்லாதது. எல்லோரும் கைதட்டினார்கள்.

பிரச்சனை அதற்குப் பிறகுதான் வந்தது. 1990 கட்டுரையில் அவர் இரண்டு விஷயங்களைச் சொல்கிறார். முதலாவது, உடை. ஆரம்ப காலத்தில் ராணுவச் சீருடை மாதிரியான காக்கியில், தலையை மூடிக் கட்டிக்கொண்டு மேடை ஏறியிருக்கிறார். போராளிக் கவி என்றால் மனதில் வரும் படம் ஆணின் படம். அந்தப் படத்துக்குள் போய் நின்றுகொண்டால்தான் குரல் கேட்கும். பெண்ணுடல் தெரிந்தால் குரல் மறைந்துபோகும், குரல் தெரியவேண்டுமானால் உடலை மறைக்கவேண்டும். இந்தக் கணக்கை நம் இயக்க மேடைகளில் நின்றிருக்கும் எந்தத் தோழிக்கும் நான் விளக்கவேண்டியதில்லை. ஒருநாள் அவர் அந்தச் சீருடையைக் கழற்றிவிட்டார். கழற்றியதை ஒரு உடை மாற்றமாக மட்டும் நான் பார்க்கவில்லை. 'தீவிரம்' என்ற சொல்லுக்கு ஒரு பால் உண்டு என்பதை அவர் கண்டுபிடித்த தருணம் அது.

இரண்டாவது, இசைத்தட்டு. அவருடைய புதிய கவிதைகளைக் கேட்ட அமெரிக்கத் தட்டு நிறுவனம் ஒன்று, இவை ரொம்பவும் சொந்த விஷயங்களாகப் போய்க்கொண்டிருக்கின்றன, காதல் கவிதைகள் அதிகம் என்று சங்கடப்பட்டது. நிதியத்தைத் திட்டினால் அரசியல். அந்த நிதியம் வெட்டிய அரிசியை வைத்து அடுப்பு மூட்டுகிறவளைப் பற்றி, அவளை விட்டுவிட்டுப் போனவனைப் பற்றி, அவளுடைய ஆசையைப் பற்றிப் பேசினால் அது சொந்த விஷயம். கறுப்புக் கோபத்தை விற்பதற்குச் சந்தை தயாராக இருந்தது. கறுப்புப் பெண்ணின் அந்தரங்கத்தை வாங்கத் தயாராக இல்லை. இங்கே சந்தையும் இயக்கமும் ஒரே குரலில் பேசுவதை நாம் கவனிக்க வேண்டும். எது அரசியல், எது அந்தரங்கம் என்று கோடுபோடுவதில் இரண்டு பேருக்கும் சண்டையே இல்லை.

இதற்குப் பிறகு தாளத்தோடும் அவர் மோதினார். ரெக்கே அடி ஒருகாலத்தில் ஆங்கில யாப்பிலிருந்து விடுவித்தது உண்மை. ஆனால் எல்லாக் கவிதையையும் அதே அடியில் சொல்லவேண்டும் என்றாகிவிட்டபோது அதுவும் யாப்புதான். தாலாட்டு அந்த அடியில் வராது. வீடு கூட்டுகிறவளின் முனகல் வராது. பைத்தியத்தின் வாய் வரவே வராது. ஜமைக்கப் பெண்ணியத் திறனாய்வாளர் கரோலின் கூப்பர் 1993இல் வெளியிட்ட நூலில் பிரீஸையும் மைக்கேல் ஸ்மித்தையும் ஒன்றாகவைத்து, தாளத்தால் உடைந்துபோகாத சொல் என்ற கோணத்தில் வாசித்திருக்கிறார். பின்னணி இசையை எடுத்துவிட்டால் பல டப் கவிதைகள் பொத்தென்று விழுந்துவிடும். பிரீஸின் கவிதைக்கு இசைக்குழு தேவைப்படாததற்குக் காரணம், ஒவ்வொரு பாத்திரத்தின் மூச்சையே தாளமாக்கிக்கொண்டதுதான். ஒரே டப் அடியை உடைத்துப் பல பெண்களின் மூச்சாக்கினார் என்று சொன்னால் மிகையாகாது. இதில் அவர் தனியாளுமில்லை. டொரொன்டோவில் லிலியன் ஆலன் அதே ஆண்டுகளில் டப் கவிதைக்குள் பிரசவ வலியையே கொண்டுவந்துகொண்டிருந்தார்.

5

1985இல் லின்ட்டன் குவெஸி ஜான்சன் அழைத்து, கறுப்பு மற்றும் மூன்றாம் உலக நூல்களுக்கான சர்வதேசப் புத்தகக் கண்காட்சிக்காக லண்டன் போனார் பிரீஸ். பிரிக்ஸ்டனில் கல்லூரி ஆசிரியையாகவும் இருந்தார். 1988இல், மேலே சொன்ன அதே மெர்வின் மோரிஸைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 'ரேஸ் டுடே' வெளியீடாக அவருடைய புத்தகம் வந்தது. அதன் தலைப்புக் கவிதைதான் 'ரிதிம் ரேவிங்ஸ்' எனும் பைத்தியக்காரியின் கவிதை. என்னை உட்காரவிடாமல் செய்தது இதுதான்.

பேசுகிறவள் கிராமத்திலிருந்து கிங்ஸ்டனுக்கு வந்தவள். வாடகை வீடு போய்விட்டது. தெருவில் திரிகிறாள். தலைக்குள் ஒரு ரேடியோ பாடிக்கொண்டிருக்கிறது. டீஜே ஊருக்குத் திரும்பிப்போகும் பாட்டைப் போடுகிறான். டாக்டரும் வீட்டுக்காரனும் சேர்ந்து அவளை பெல்வியூ மனநல மருத்துவமனைக்குக் கொண்டுபோய் அந்த ரேடியோவை அறுத்து எடுக்கிறார்கள். அவள் எடுத்துத் திரும்பச் செருகிக்கொள்கிறாள். வயிற்றில் குழந்தை. கடைசியில் ரேடியோவைத் தலையிலிருந்து வயிற்றுக்கு மாற்றிவிடுகிறாள், பிறப்பதற்கு முன்பே அவள் மகளுக்கு இந்தத் தாளம் தெரிந்திருக்கட்டும் என்று. மின்னதிர்ச்சி பாய்கிற கணத்தில் அவளுக்குள்ளிருந்து டீஜேயின் குரல் கூவுகிறது: நடனக் கூடங்களில் தட்டை நிறுத்தித் திருப்பிப்போடச் சொல்லி எழும் அதே கூவல்.

டாக்டரையும் வீட்டுக்காரனையும் ஒரே அறுவைசிகிச்சை மேசையில் நிற்கவைத்தது சாதாரண விஷயமில்லை. அறிவின் அதிகாரமும் சொத்தின் அதிகாரமும் சேர்ந்துதான் ஒருத்தியைப் பைத்தியமாக்கிப் பதிவேட்டில் எழுதுகின்றன. ஃபூக்கோ பெரும் புத்தகமாக எழுதியதை இந்தக் கவிதை இரண்டு ஆட்களை வைத்து முடித்துவிடுகிறது. ஆனால் ஃபூக்கோவோடு நிறுத்திவிட்டால் நாம் ஐரோப்பாவிலேயே நின்றுவிடுவோம். ஜமைக்காவுக்கு இதில் தனி வரலாறு இருக்கிறது. 1860இல் ஆன் பிராட் என்ற கலப்பினப் பெண், கிங்ஸ்டன் பைத்தியக்கார மருத்துவமனையில் தான் அடைபட்டிருந்த ஏழு மாதங்களைப் பற்றி ஒரு சிறுநூல் வெளியிட்டாள். உள்ளே இருப்பவர்களைத் தண்ணீர்த் தொட்டியில் மூச்சுமுட்ட அமுக்கிவைக்கும் தண்டனை, அடி, பட்டினி எல்லாவற்றையும் சொன்னாள். பைத்தியம் என்று முத்திரை குத்தப்பட்ட பெண்ணின் சொல் சாட்சியமாகுமா? அப்போது அதுதான் கேள்வி. அந்தச் சிறுநூல் கிளப்பிய சச்சரவில் 1861இல் அரசு விசாரணை வைக்க நேர்ந்தது. தொடர்ந்து பேரரசு முழுவதிலுமிருந்த காலனிய மருத்துவமனைகள், காப்பகங்களின் நிலையைப் பற்றியே லண்டன் விசாரிக்கவேண்டியதாயிற்று. அந்தக் காப்பகத்தின் வாரிசுதான் பெல்வியூ. எனவே 1988இன் பைத்தியக்காரி வெற்றுவெளியிலிருந்து பேசவில்லை. அவளுக்கு முன்னால் அதே கதவுக்குள்ளிருந்து வெளிவந்து பேசிய ஒருத்தி இருக்கிறாள்.

இந்த இடத்தில் நானே என்னை நிறுத்திக் கேட்டுக்கொள்ள வேண்டிய ஒன்று இருக்கிறது. சிறுபத்திரிகைச் சூழலில் நமக்குப் பைத்தியம் என்றால் ஒரு மயக்கம். 'பிறழ்வே கலகம்' என்று எழுதித் தள்ளியிருக்கிறோம். நானும் எழுதியிருக்கிறேன். எங்கள் வீட்டில் ஒரு பெரியம்மா இருந்தார். குரல்கள் கேட்கும் அவருக்கு. இரவில் எழுந்து பதில் சொல்லிக்கொண்டிருப்பார். அவர் கலகம் செய்து நான் பார்த்ததில்லை, பயந்து நடுங்கித்தான் பார்த்திருக்கிறேன். மாத்திரை கிடைத்த மாதங்களில் அவர் சிரித்தார், எனக்குத் தலைபின்னிவிட்டார். அவருடைய நடுக்கத்தை ஒரு கோட்பாட்டுக்கு உதாரணமாக்க எனக்கு என்ன உரிமை?

பிரீஸின் கவிதை இந்த மயக்கத்துக்கு இடம்தருவதில்லை என்பதுதான் அதன் பலம். ரேடியோ அழகான உருவகமாக மட்டும் வருவதில்லை. அவளுக்கு அது ஊர், துணை, அதே சமயம் நோய். தெருவில் பசி பசியாகவே இருக்கிறது. அந்த நோயை உள்ளிருந்து அறிந்தவர் எழுதியதால், அவளைத் தெய்வமாக்கவும் இல்லை, பரிதாபப் பொருளாக்கவும் இல்லை. மேடையில் அதை நிகழ்த்தும்போது பிரீஸ் பைத்தியம் மாதிரி 'நடிப்பதில்லை' என்பதை ஒலிப்பதிவே காட்டிக்கொடுக்கிறது. அவள் சொல்வதிலுள்ள தருக்கம் ஒரு இழை பிசகாமல் நம் காதில் விழுகிறது. வாடகை, பசி, ஊர், குழந்தை என்று அத்தனையும் அவளுக்குத் தெளிவாகத் தெரிகிறது. தெளிவில்லாதது டாக்டருக்கும் வீட்டுக்காரனுக்கும்தான். இதைப் பாத்திரமாக, கேலிப் பொருளாக, சொந்தப் புலம்பலாக எந்த ஒன்றாகவும் ஒதுக்கிவிட முடியாதபடி அவர் குரல் நடுவில் நிற்கிறது. 'ரொம்பச் சொந்த விஷயம்' என்ற தட்டு நிறுவனத்துக்கு இதைவிட வேறு பதில் வேண்டியதில்லை.

6

1992இல் பெண்ணியப் பதிப்பகமான விராகோ வெளியிட்ட 'ஸ்பிரிங் கிளீனிங்' தொகுப்பின் தலைப்புக் கவிதையில் ஒருத்தி வீட்டைத் துப்புரவு செய்கிறாள். இருபத்து மூன்றாம் சங்கீதத்தின் வரிகளுக்கு நடுநடுவே கூட்டுமாறும் துணியும் வந்துபோகின்றன. தோட்டக் காலத்தில் எழுத்தின் அதிகாரமாக வந்த அதே விவிலியம் இங்கே வேலைசெய்கிறவளின் மூச்சுக்குள் கரைந்துவிடுகிறது. 2006இல் வெளிவந்த 'தி ஃபிஃப்த் ஃபிகர்' ஜமைக்காவில் வேர்விட்ட ஐரோப்பியக் குவாட்ரில் நடனத்தின் ஐந்து பகுதிகளை எடுத்துக்கொண்டு ஐந்து தலைமுறைப் பெண்களைச் சொல்கிறது. எஜமானின் நடனம், அடிமையின் கால்.

2000இல் வந்த தொகுப்பில்தான் சாசர் திரும்ப வருகிறார். கேன்டர்பரிக் கதைகளில் ஐந்து கணவர்களைக் கண்டவள், கல்யாணத்தைப் பற்றி வேதத்தோடு தருக்கம் பண்ணுகிறவள், அந்த பாத் நகரத்துப் பெண்ணைப் பிரீஸ் பிரிக்ஸ்டன் சந்தைக்குக் கூட்டிவந்து ஜமைக்கப் பேச்சில் பேசவைக்கிறார். உன் ஆங்கிலமும் ஒருகாலத்தில் பேச்சுமொழிதானே என்று 1940களில் லூயிஸ் பென்னட் வாதாடினார். பிரீஸ் வாதாடவில்லை, செய்தே காட்டிவிட்டார். ஆறு நூற்றாண்டுக்கு முன் ஒரு ஆண் எழுதிவைத்த வாயாடிப் பெண், சந்தைக்காரிகள் நடுவே வந்து நின்றதும் சொந்த ஊருக்கு வந்ததுபோல் ஆகிவிடுகிறாள். டிராம் வண்டியில் இடம்விடாமல் உட்கார்ந்த கூடைக்காரிகளின் பேத்திகள் அவளுக்கு இடம்விட்டார்கள் என்று எனக்குத் தோன்றும்.

2012இல் பிரீஸ் பிரிட்டிஷ் அரசின் எம்.பி.இ. பட்டத்தை வாங்கிக்கொண்டார். பேரரசின் பெயரைத் தாங்கிய பட்டம். லூயிஸ் பென்னட்டும் 1960இல் அதை வாங்கியிருக்கிறார். 2003இல் பெஞ்சமின் ஸெஃபனையா இதே வகைப் பட்டம் ஒன்றைப் பேரரசு என்ற சொல்லுக்காகவே வேண்டாம் என்று பகிரங்கமாக மறுத்தவர். எனக்கு ஸெஃபனையாவின் மறுப்பே பிடிக்கும். உதவி வெடிகுண்டோடு வரும் என்று பாடியவர் விருது எதோடு வரும் என்று யோசித்திருக்கலாமே என்ற வருத்தமும் உண்டு. ஆனால் இன்னொன்றும் தோன்றுகிறது. மறுக்கும் உரிமை வருவதற்குமுன் ஒருமுறையாவது கொடுக்கப்பட்டிருக்க வேண்டுமே. 'இதர' பகுதியில் கிடந்தவர்களின் பரம்பரைக்கு அங்கீகாரம் என்பது நம்மைப் போன்றவர்கள் தாளில் உட்கார்ந்து தீர்ப்பெழுதுகிற அளவுக்கு எளிமையானதல்ல. இந்த முரணை நான் தீர்த்துவைக்கப் போவதில்லை.

லண்டன், லெஸ்டர், ஜமைக்கா என்று மாறிமாறி வாழ்ந்த பிரீஸ் 2021 ஆகஸ்ட் 4 அன்று, பிறந்த ஹானோவர் மாவட்டத்திலேயே சாண்டி பே என்ற கடலோர ஊரில் இறந்தார். வயது 65. அவர் கவிதையின் பைத்தியக்காரி ரேடியோவில் கேட்டு ஏங்கிய கிராமத்துப் பயணத்தை அவராவது முடித்துக்கொண்டார்.

டப் கவி பெண்ணாக இருக்க முடியுமா? கேள்வியைப் பெண்ணை நோக்கிக் கேட்கும்வரை அதற்கு நேர்மையான பதில் கிடைக்காது. நீ காக்கி போட்டால் முடியும், காதலை விட்டுவிட்டால் முடியும், எங்கள் தாளத்தில் நின்றால் முடியும் என்று நிபந்தனைகள்தான் வரும். பிரீஸ் நாற்பது ஆண்டுகள் செய்தது கேள்வியின் முகத்தைத் திருப்பியது: கூட்டுகிறவளை, விடப்பட்டவளை, குரல் கேட்கிறவளை வைத்துக்கொள்ள டப்பினால் முடியுமா? முடியாவிட்டால் மாறவேண்டியது யார்? இதைக் கவிதைக்கு மட்டும் கேட்டுவிட்டு நாம் தப்பித்துக்கொள்ள முடியாது. மேடை வைத்திருக்கிற, பத்திரிகை நடத்துகிற, தொகைநூல் போடுகிற ஒவ்வொருவரும் தங்கள் புத்தகத்தின் 'இதர' பகுதியைத் திறந்து பார்க்கவேண்டும். அங்கே யாரோ பேசிக்கொண்டிருக்கிறார்கள். நான் முதல்தடவை மூடிவைத்த அந்த இரண்டு பக்கத்திலும் பேசிக்கொண்டுதான் இருந்தார்கள்.